பழைய போனில் தெரிந்த கோடு

நான் ஒரு மனிதரைப் பழிவாங்கியிருக்கிறேன். ஆறு மாதம் காத்திருந்து, நாள் பார்த்து, ஆட்கள் கூடியிருக்கிற நேரம் பார்த்துச் செய்தேன். வீட்டில் ஏதோ நடக்கிறது என்று உங்களுக்கு அப்போதே தெரியும். என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன கிழமை நீங்கள் இரண்டு பேரும் கடையில் வந்திருக்கிற புதுப் போனின் படத்தைக் காட்டி, "அப்பா, உங்கடை உந்தக் கட்டையைத் தூக்கி எறியுங்கோ. அதுக்குப் பிறகு எத்தினை தலைமுறை வந்திட்டுது" என்று சிரித்தீர்கள். நான் சாப்பாட்டில் இருந்து எழும்பிப் போய்விட்டேன். அந்தக் கோபம் உங்கள்மேல் இல்லை. அது யார்மேல் என்பதை எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், உயர்ந்த மதிலுக்குள் ஒரு பெரிய வீடு இருக்கிறதல்லவா, அந்த வீட்டை ஐந்து வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். அது ஏழு சகோதரங்களுடைய வீடு. ஏழு பேரும் வெளிநாட்டில். தாய் தகப்பன் இல்லை. லண்டனில் இருக்கிற மகன் பொறுப்பு எடுத்திருந்தார். அவரை நான் அண்ணை என்று கூப்பிட்டேன். இங்கே லண்டன்காரர் என்றே எழுதுகிறேன், அண்ணை என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கேற்றைத் திறந்து, யன்னல்களைத் திறந்து, தும்புத்தடியால் வீடு முழுக்கக் கூட்டி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, கிணற்று மோட்டரை ஒருக்கால் ஓடவிடுவேன். வளவில் சருகு கூட்டிக் கொளுத்துவேன். வாழைத் தோட்டத்து வேலைக்கு நடுவில் இது எனக்குப் பாரமாகத் தெரிந்ததில்லை. வீடு பூட்டிக் கிடந்தாலும் அதற்குள் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

ஒருமுறை லண்டன்காரர் வந்து நின்றபோது தன்னுடைய போனை என் கையில் வைத்தார்.

"இந்தாரும், நான் பாவிச்சது. நான் புதுசு எடுக்கப் போறன். இனி இது உமக்கு. கூட்டின கையோடை ஒவ்வொரு அறையையும் படமெடுத்துக் குழுவிலை போடும். நாங்கள் எல்லாரும் அங்கை இருந்து பாப்பம்."

ஏழு பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார். அதுவரை நான் பொத்தான் போன் வைத்திருந்தவன். இந்தப் போனுக்கு முதுகில் இரண்டு கண். ஒரு மூலையில் வெடிப்பு. நான் அதை லேஞ்சித் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தோட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டேன், மண் பட்டுவிடும் என்று. உங்கள் அம்மா சிரிப்பா. "இஞ்சாருங்கோ, அதுக்கு ஒரு தொட்டில் கட்டட்டோ?" என்பா.

இப்படி இருக்கும்போது ஒரு தை மாதம், தெற்குப் பக்க அறையைக் கூட்டும்போது சுவர் மூலையில் ஒரு மண் கோடு கண்டேன். நாலு விரல் நீளம். சுவரில் இருந்து மேலே கைமரத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. கூரையைத் தாங்குகிற சாய்ந்த மரத்தைத்தான் கைமரம் என்கிறோம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அறை யன்னலுக்கு முன்னால் பெரிய அலுமாரி நிற்பதால் பகலிலும் இருட்டு. நான் கோட்டைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஓடின. கறையான்.

படம் எடுத்தேன். பெரியவளே, நீதான் அதில் கோட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் தந்தாய், உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. கீழே, "அண்ணை, தெற்கு அறையில் கறையான் ஏறுகிறது, மருந்து போட வேண்டும்" என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

லண்டன்காரர் குரல் செய்தி அனுப்பினார். அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

"உது எங்கடை ஐயா பாத்துப் பாத்துப் போட்ட பனை. வைரம். கறையானுக்குப் பல்லு உடைஞ்சு போம். உம்மடை போனிலை தூசி இருக்கு. கண்ணாடியைத் துடையும்."

எங்கள் பக்கத்தில் இந்த நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. முற்றிய பனையைக் கறையான் தொடாது. அது சரிதான், முற்றிய பனை என்றால். அந்த அறைக் கைமரம் எதுவென்று எனக்குத் தெரியும். ஆனால் அப்போது நான் அதைச் சொல்லவில்லை. ஏழு பேர் பார்க்கிற இடத்தில் ஒருவருடைய தகப்பனின் மரத்தைப் பற்றி எதிர்த்துக் கதைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி படம் எடுத்துப் போட்டேன். பதில் இல்லை.

இதற்குப் பிறகு என் படங்களில் எல்லாம் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கினார். நிலம் கறுப்பாய் இருக்கிறது. சுவர் அழுக்கு. "நீர் கூட்டுறதே இல்லைப் போல கிடக்கு." நான் முழங்காலில் இருந்து துடைத்த நிலம் அது. துடைத்த ஈரம் காய முன்னம் எடுத்த படம். ஆனால் படத்தில் பார்த்தால் எனக்கே மண் தூவிவிட்ட மாதிரித்தான் தெரிந்தது. "இல்லை அண்ணை, கூட்டினனான்" என்று சொன்னேன். "படம் பொய் சொல்லாது" என்றார்.

மாசி மாதத்தில் ஒரு நாள், வீட்டுத் திறப்பைத் தன் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியிடம் கொடுக்கச் சொன்னார். அதே ஒழுங்கையில் ஓட்டோ ஓடுகிற தம்பி. காரணம் கேட்டேன். சொல்லவில்லை. "போனை வைச்சிரும், பழசுதானே" என்று மட்டும் சொன்னார். திறப்பைக் கொடுத்தேன். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன்.

அடுத்த ஞாயிறு என் போன் சத்தம் போட்டது. என்னைக் குழுவில் இருந்து எடுக்க மறந்துவிட்டார்கள். லண்டன்காரர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டிருந்தார். இரண்டும் தெற்கு அறை. இடது பக்கம் நான் எடுத்தது. இருட்டு, புள்ளி புள்ளி, நிலம் அழுக்கு மாதிரி. வலது பக்கம் ஓட்டோக்காரத் தம்பி எடுத்தது. சுவர் பால் மாதிரி, நிலம் கண்ணாடி மாதிரி, அறையே ஒன்றரை மடங்கு பெரிது. கீழே எழுதியிருந்தார்: "ஆளை மாத்தினால் வீடும் மாறும்."

சிட்னியில் இருக்கிற கடைசித் தம்பி அதற்குக் கீழே எழுதினார்: "இவ்வளவு காலமும் எங்களை ஏமாத்தியிருக்கிறார்."

அதற்கு ஒவ்வொருவராகப் பெருவிரலைத் தூக்கினார்கள். கனடாவில் இருக்கிற பெரியக்காவும் தூக்கினா. ஒவ்வொரு வருசமும் உங்களுக்குக் கொப்பி, பென்சில் அனுப்பிய அதே அக்கா. நான் வாசற்படியில் இருந்து அந்தப் பெருவிரல்களை எண்ணினேன்.

பிள்ளைகளே, என்னை ஏழை என்று சொல்லலாம், படிக்காதவன் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. ஏமாற்றினேன் என்று சொல்லக் கூடாது. அந்தச் சொல்லை எழுதிய அதே இடத்தில், அதே ஏழு பேர் பார்க்க, அதைத் திருப்பி எடுக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவ, "அவையளோடை உங்களுக்கு என்ன பேச்சு, விடுங்கோ" என்றா. விடவில்லை.

முதலில் என் கோபம் எல்லாம் அந்தப் போன்மேல்தான். என் கையில் இருந்துகொண்டே எனக்கு எதிராய்ச் சாட்சி சொன்ன சாமான். கிணற்றுக் கட்டு வரைக்கும் ஒருநாள் கொண்டுபோனேன், உள்ளே போடுவதற்கு. பிறகு, அதற்குள் என் படங்கள் இருக்கின்றனவே என்ற யோசனையில் திரும்பி வந்தேன். நல்ல காலம்.

சித்திரையில் ஓட்டோக்காரத் தம்பி எங்கள் படலைக்கு வந்தான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அந்த மோட்டர் சனியன் ஓடுதில்லை. என்ன மந்திரம் சொல்லி ஓட்டினனீங்கள்?"

"மந்திரம் ஒண்டும் இல்லை. முதல் குழாய்க்கை ரெண்டு செம்பு தண்ணி விட வேணும். பிறகுதான் சுவிச்சு."

"இவ்வளவுதானோ? நான் மூண்டு நாளாய் அதோடை சண்டை."

அவன்மேல் எனக்குக் கோபம் இருக்கவில்லை. சோம்பேறி, ஆனால் கள்ளம் இல்லாதவன். அவன் கையில் இருந்த போனைப் பார்த்தேன். லண்டன்காரர் அவனுக்குப் பார்சலில் அனுப்பியது. என்னுடையதன் அதே கம்பெனி, அடுத்து வந்த தலைமுறை. அதே நீளம், அதே வளைவு, அண்ணன் தம்பி மாதிரி. முதுகில் மட்டும் மூன்று கண்.

"தம்பி, ஒண்டு கேட்டால் உள்ளதைச் சொல்லுவியோ? நீ அந்த வீட்டைக் கூட்டுறனியோ?"

அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணைக்குப் பொய் சொல்லேலாது. வாசலிலை நிண்டு ஒரு படம், அங்காலை ஒரு படம். நான் செருப்பைக் கூடக் கழட்டுறேல்லை. படம் வடிவாய் வருது, அவையும் சந்தோசப்படுகினம். பிறகேன் கூட்டுவான்?"

அவனுடைய போனை வாங்கினேன். என்னுடையதையும் எடுத்தேன். எங்கள் குசினிக்குள், புகைக்கூட்டுக்குக் கீழே வெளிச்சம் இல்லாத இடத்தில் என் இடது கையை விரித்துப் பிடித்து இரண்டு போனாலும் ஒவ்வொரு படம் எடுத்தேன். பழையதில் புள்ளி புள்ளியாக, மங்கலாக, ஆனால் என் கை. வாழைப் பால் பட்டுக் கறுத்த ரேகை, மண்வெட்டி பிடித்த காய்ப்பு, பெருவிரல் நகத்தில் பழைய வெட்டுக்காயம் எல்லாம் இருந்தன. புதியதில் கந்தோரில் பேனை பிடிக்கிறவனின் கை. வெள்ளை, வழுவழுப்பு. காய்ப்பைக் காணவில்லை. வெட்டுக்காயம் ஒரு நிழல் மாதிரி.

ஓட்டோக்காரத் தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அண்ணை, உங்களுக்குப் பொம்பிளை பாக்கிறதெண்டால் இதிலைதான் எடுக்க வேணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழையது இருட்டைக் கண்டால், "எனக்கு வடிவாய்த் தெரியவில்லை" என்று புள்ளி போட்டு ஒத்துக்கொள்ளும். புதியது ஒத்துக்கொள்ளாது. தெரியாத இடத்தைத் தானாகப் பூசி மெழுகி, வெளிச்சமும் போட்டு, "இப்படித்தான் இருக்கும்" என்று தந்துவிடும். அகலக் கண்ணால் வாசலில் நின்று எடுத்தால் மூலை எங்கோ தூரத்தில் போய்விடும். அந்த மூலையில்தான் கோடு.

அன்றிலிருந்து ஞாயிறு ஞாயிறாக அவன் போடுகிற படங்களைப் பார்த்தேன். தெற்கு அறையின் மூலையை விரலால் இழுத்துப் பெரிசாக்குவேன். பால் மாதிரிச் சுவர். கோடு இல்லை. ஆனால் கறையான் மருந்து போடாமல் போகாது என்று எனக்குத் தெரியும். படத்தில் இல்லாமல் போனது வீட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் ஒரு இனிப்பு. உண்மையைச் சொல்கிறேன், இனிப்புத்தான். ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. தூசி என்றாரே, தூசியே தின்னட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆறு பெருவிரல் தூக்கப்படும்போது, "தூக்குங்கோ, தூக்குங்கோ" என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். உங்கள் அம்மா கேட்பா, "என்ன தனிய இருந்து சிரிக்கிறியள்?" என்று.

ஆனியில் குழுவில் செய்தி வந்தது. தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதத்தை ஏழு பேரும் ஊரில் ஒன்றாகச் செய்யப் போகிறார்கள், சொந்த வீட்டிலேயே தங்குவது என்று. தாய் செத்த பிறகு ஏழு பேரும் அந்தக் கூரைக்குக் கீழே கூடுவது அதுதான் முதல் தடவை. அதை இரண்டு தரம் வாசித்தேன். நான் கேட்ட சபை எனக்குத் தானாகவே கிடைத்துவிட்டது.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்க ஓட்டோக்காரத் தம்பி வந்து யார் யார் எந்த அறை என்று பெருமையாகச் சொன்னான். தெற்கு அறை கனடா அக்காவுக்கு. மகளும் பேரக் குழந்தையும் அவவோடு.

அவன் போனதும் உங்கள் அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வந்தா.

"கேட்டனீங்கள்தானே? பச்சைக் குழந்தை படுக்கப் போற அறை. போய்ச் சொல்லுங்கோ."

"அமாவாசையண்டு காலமை சொல்லுறன். எல்லாரும் வந்து இறங்கட்டும்."

"அதுக்கிடையிலை ஏதும் நடந்தால்?"

"அவை அமாவாசையண்டு விடியத்தான் கொழும்பிலை இருந்து வருகினம், நேரே கீரிமலைத் தீர்த்தத்துக்கு. தம்பி சொன்னவன். அறைக்கை ஒருத்தரும் படுக்க முன்னம் நான் சொல்லிப்போடுவன்."

"உங்களுக்குக் கண் மறைச்சுப் போச்சு" என்றா.

அமாவாசை காலை நானும் கீரிமலைக்குப் போய் என் ஐயாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு நேரே வந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பையில் பழைய போன். கேற் திறந்து கிடந்தது. வீட்டுக்குள் விரதச் சாப்பாட்டுக்குக் காத்தோட்டிக்காய் பொரிக்கிற கசந்த மணம். அவர்களும் கீரிமலையில் இருந்து வந்து, தலை ஈரம் காயாமல் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரும். நான் எண்ணிவிட்டுத்தான் படியேறினேன்.

லண்டன்காரர் எழும்பாமல் சிரித்தார். "ஓ, வாரும் வாரும். வீடு மினுங்குது, பாத்தீரே? உம்மடை காலத்திலை இப்பிடி ஒரு நாள் இருந்ததோ?"

சிட்னித் தம்பி, "விடுங்கோ அண்ணை, விரத நாளிலை" என்றார். விட்டுக்கொடுக்கிறவர் மாதிரி.

நான் சொன்னேன்: "வீடு பாக்கத்தான் வந்தனான். எல்லாரும் ஒருக்கா தெற்கு அறைக்கு வருவியளோ? ரெண்டு நிமிசம்."

"ஏன், புதையல் ஏதும் தாட்டு வைச்சனீரோ?" என்றார் லண்டன்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அறைக்குள் போய்ப் பார்த்த நான் அப்படியே நின்றுவிட்டேன். நிலத்தில் மெத்தை விரித்திருந்தது. அதில் குழந்தை நித்திரை. பக்கத்தில் பால் போத்தல், கசங்கின போர்வை.

"எப்ப வந்தனீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"நேற்றுப் பின்னேரமே வந்திட்டம். கொழும்பிலை ஒரே வெக்கை, குழந்தைக்குச் சரிவரேல்லை" என்றா கனடா அக்கா.

ஒரு இரவு. நான் கணக்குப் போட்டு வைத்ததில் அந்த ஒரு இரவு இருக்கவில்லை.

"முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போங்கோ" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அக்காவின் மகள் கேள்வி கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

பிறகு லண்டன்காரரிடம் கேட்டேன்: "அண்ணை, உங்கடை போனாலை இந்த வாசலிலை நிண்டு அந்த மூலையைப் படமெடுங்கோ." அவரிடம் இருந்தது ஓட்டோக்காரத் தம்பியினுடையதைவிடவும் புதியது. எடுத்தார். நான் அதே இடத்தில் நின்று பழையதால் எடுத்தேன். இரண்டையும் சிட்னித் தம்பியின் கையில் வைத்தேன்.

அவர் மாறி மாறிப் பார்த்தார். "இதிலை மூலையிலை ஒரு கறுப்புக் கோடு கிடக்கு. அண்ணையின்ரை போனிலை காணேல்லை."

"அது உவற்றை போனிலை கீறல்" என்றார் லண்டன்காரர். "எங்கை விழுத்தினாரோ."

"கீறலெண்டால் எல்லாப் படத்திலையும் வரவேணுமே" என்றா கனடா அக்கா. தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலைக்குப் போய் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தா. "ஐயோ, இது என்ன?"

தையில் நாலு விரலாய் இருந்தது, இப்போது என் கைத் தடிப்பு. நிலத்தில் இருந்து கைமரம் வரை ஏறி, மரத்தோடு மரமாய்ப் போயிருந்தது.

லண்டன்காரர் விடவில்லை. "சுவரிலை ஏறியிருக்கும், கழுவினாப் போம். மரத்துக்கு ஒண்டும் ஆகாது. எங்கடை ஐயா போட்ட பனை."

அந்தச் சொல்லுக்காகத்தான் நான் ஆறு மாதம் காத்திருந்தேன். வெளியே போய் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன்.

"நீங்களே ஏறித் தொட்டுப் பாருங்கோ அண்ணை. நான் தொட்டால், நான்தான் உடைச்சனான் எண்டுவியள்."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றதால் அவருக்கு வேறு வழி இல்லை. சரிகைக் கரை போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் ஏணியைப் பிடித்தேன். கைமரத்தில் பெருவிரலை வைத்து அமத்தினார். விரல் உள்ளே போனது. பிட்டுமாவுக்குள் போகிற மாதிரி, கணு வரைக்கும் போனது. கையை இழுத்தபோது மண்ணும் உளுத்த தூளும் கொட்ட, வெள்ளைக் கறையான் அவருடைய மணிக்கட்டு வழியே, தங்க மணிக்கூட்டுக்கு மேலால், சட்டைக் கைக்குள் ஓடின. மேலே ஒரு ஓடு நழுவி வெளிப்பக்கம் விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

அவர் கையை உதறிக்கொண்டு இறங்க, நான் ஏணியைப் பிடித்தபடியே சொன்னேன். மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

"உங்கடை ஐயாவின்ரை மரம் நடு அறைக்கு மேலை கிடக்கு. அது வைரம்தான், இண்டைக்கும் ஆணி இறங்காது. இது நாட்டிலை சண்டை முடிஞ்ச பிறகு நீங்கள் லண்டனிலை இருந்து போடுவிச்ச மரம். முத்தாத பனை. நீங்கள் படத்திலைதான் பாத்தனீங்கள். ஓடு சுமந்து ஏத்தினவன் நான்."

அவருடைய முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றுதானே வந்தேன். ஈரம் காயாத தலையோடு, கையில் மண்ணோடு, வாய் கொஞ்சம் திறந்தபடி. இன்றைக்கும் தோட்டத்தில் களைத்துப் போய் இருக்கும்போது அந்த முகத்தை நினைத்தால் எனக்குக் களைப்புத் தெரிவதில்லை. இது நல்ல குணம் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொல்கிறேன்.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் வேறு குரலில் கதைத்தார். "சரி, நடந்தது நடந்து போச்சு. திறப்பை நீரே திருப்பி எடும். இந்தாரும், இந்தப் போனையும் வைச்சிரும், நான் வேறை எடுக்கிறன்."

"எனக்கு உங்கடை போன் வேண்டாம். திறப்பும் வேண்டாம். மாசி மாசம் குழுவிலை ரெண்டு படம் போட்டனீங்கள். ஏமாத்தினவர் எண்டு உங்கடை தம்பி எழுதினவர். அதே இடத்திலை, நான் ஏமாத்தேல்லை எண்டு எழுதுங்கோ."

"எல்லாரும் இஞ்சைதானே நிக்கினம். வாயாலை சொன்னாப் போதாதோ?"

"வாயாலை சொல்லேல்லையே நீங்கள். எழுதினனீங்கள்."

சிட்னித் தம்பி நிலத்தைப் பார்த்தார். லண்டன்காரர் ஒரு விரலால் எழுதினார், நீண்ட நேரம். எழுதி அனுப்பியதும் அந்த அறைக்குள் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. என் பையில் இருந்ததும் போட்டது.

எல்லோரும் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது, நான் இவ்வளவு நாளும் அந்தக் குழுவில் இருந்து எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று. நான் எடுத்து வாசித்தேன். "வீடு பார்த்தவர் எங்களை ஏமாற்றவில்லை. பிழை என்னுடையது." இவ்வளவுதான். சின்னதாக இருந்தது. நான் ஆறு மாதமாக மனதில் எழுதி வைத்திருந்தது இதைவிட நீளம்.

கனடா அக்கா என்னைப் பார்த்தா. "உமக்கு இது எப்ப தொடக்கம் தெரியும்?"

"தை தொடக்கம், அக்கா."

"இப்ப ஆடி. அப்ப, இந்த அறைக்குத்தான் நாங்கள் வாறம் எண்டதும் தெரியுமோ?"

"முந்தநாள் தெரியும்."

"ஒரு வரி எழுதியிருக்கலாமே. குழந்தை நேற்று ராத்திரி இதுக்குக் கீழைதானே கிடந்தது."

நான் அவவை விட்டிருக்கலாம். விடவில்லை. "எழுதினனான் அக்கா. சிவப்பு வட்டமும் போட்டு எழுதினனான். தூசி எண்டவை. ஏமாத்துக்காரன் எண்டதுக்கு நீங்களும் பெருவிரல் தூக்கினனீங்கள்."

அவ கண்ணாடியைக் கழற்றினா. லண்டன்காரர் ஏதோ சொல்ல வந்தார். அவ கையைக் காட்டி நிறுத்தினா.

"ஓம்," என்றா. "தூக்கினனான். பாக்காமல் தூக்கினனான்."

லண்டன்காரர் எழுதித் தந்ததைவிட அந்த ஓம் எனக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள எனக்கு அப்போது முகம் இருக்கவில்லை. அந்த வீட்டில் என்னை ஏமாற்றுக்காரன் என்று இனி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஒரு குழந்தை படுத்திருக்க, தெரிந்தும் சும்மா இருந்தவன் என்று அந்த அக்கா சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்? அதற்கு எந்தப் போனிலும் என்னிடம் படம் இல்லை.

"இருந்து விரதச் சாப்பாடு சாப்பிட்டிட்டுப் போம்" என்றா.

"இல்லை அக்கா. எங்கடை ஐயாவுக்கும் இண்டைக்குப் படையல் இலை போட்டு வைச்சிருக்கு" என்றுவிட்டு வெளியே வந்தேன். லண்டன்காரர் கேற் வரைக்கும் பின்னால் வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அவர் ஊருக்கு வந்து நிற்கையில் றோட்டில் கண்டால் பார்ப்பதில்லை. அவர் எழுதியதில் எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆறும் என்றும் நான் நினைக்கவில்லை.

உங்களை ஒருவர் பொய்யர் என்று சொன்னால் விடாதீர்கள். சொன்ன இடத்திலேயே திருப்பி எடுக்க வையுங்கள். அது அப்பாவின் புத்திமதி, அதில் மாற்றம் இல்லை. ஆனால் காத்திருக்கிற நேரத்தில், அந்த அறைக்குள் யார் படுக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். பழிவாங்க வேண்டிய ஆள் ஒருவர், கூரைக்குக் கீழே கிடந்தது வேறொருவர். நான் அதைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பசியோடு இருந்தீர்கள். அம்மா இலைக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டுக் காத்திருந்தா.

"எழுதினவரோ?" என்று கேட்டா.

"எழுதினவர்."

"மனம் ஆறிட்டுதோ?"

"இல்லை."

"குழந்தை?"

"நேற்றுப் பின்னேரமே வந்திட்டினம். அதுக்குக் கீழைதான் கிடந்தது. ஒண்டும் நடக்கேல்லை."

அவ விளக்குத் திரியைத் தூண்டிவிட்டா. பிறகு, "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. முதல் பிள்ளையளுக்குப் போடுவம்" என்றா.